கொக்கும் நாற்பத்தொரு உழைப்பாளிகளும்

உலகில் எத்தனையோ நாகரிகங்கள் தோன்றின, செழித்தன, மண்ணுக்குள் போயின. மண்ணுக்குள் போகாமல், மண்ணே படாமல், ஞாயிறுதோறும் மெழுகு தேய்க்கப்பட்டு இன்றும் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும் ஒரே நாகரிகம் டூலரி ஊரின் யூட் நாகரிகம்தான்.

முன்னால் ஆள் உட்கார இருக்கையும் பின்னால் சுமை ஏற்றத் திறந்த தொட்டியும் உள்ள வண்டியை மற்ற நாட்டார் பிக்கப் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது யூட். டூலரியில் அது குலம். ஒருவர் எந்தச் சபைக்குப் போகிறார், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி யூட் என்றுதான் கேட்பார்கள். பழைய கம்பெனிகள் இரண்டு. அப்பா எதுவோ மகனும் அதுவே. கலப்புத் திருமணம் செய்துகொண்டவர்கள் இரண்டு வண்டிகளையும் தனித்தனிக் கொட்டகையில் நிறுத்திவிட்டு மானத்தோடு வாழ்கிறார்கள். இரண்டுமே வெளிநாட்டில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து இறங்குபவை. அதை நாகரிகமானவர்கள் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் கிளைவ் ஹாட்ரிக் சீன யூட் வாங்கினார்.

கிளைவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பண்ணைகளுக்குக் கம்பி வேலி போடுவது தொழில். அவருடைய பழைய யூட் ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒரு நாள் பாதி வேலியில் நின்று, அதற்கு மேல் எந்த விவாதத்துக்கும் தயாராக இல்லை. அதே கம்பெனியின் புது வண்டி விலையைக் கேட்டார். வேலி போட்ட பண்ணையையே வாங்கிவிடலாம் போலிருந்தது. அதனால் இரண்டு மணி நேரம் ஓட்டி, டிராக்டர் விற்பவர் பக்கத்துக் கொட்டகையில் புதிதாக வைத்திருந்த சீன யூட்டைப் பார்க்கப் போனார். மூன்றில் ஒரு பங்கு விலை. ஏழு வருட உத்தரவாதம். மிதியடி இலவசம்.

கிளைவ் கேட்டது ஒரே கேள்வி: வேலிக் கம்பம் ஏற்றலாமா?

விற்பவர் உள்ளே விளக்கு அறுபத்துநாலு நிறங்களில் எரியும் என்றார். கிளைவ் மறுபடியும் கேட்டார்.

"ஏத்தலாம்னுதான் நினைக்கிறேன்," என்றார் விற்பவர். "யூட் வாங்க வர்றவங்க யாரும் இதுவரைக்கும் அதைக் கேட்டதில்ல."

வண்டியின் மூக்கில் நீண்ட கழுத்துள்ள பறவை ஒன்று பொறித்திருந்தது. கம்பெனிப் பெயரை ஊரில் யாருக்கும் சொல்ல வரவில்லை. அதனால் 'கொக்கு' என்று பெயர் விழுந்தது.

கொக்கின் பெருமைகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுபவர் தூங்கிவிடாமல் இருக்க அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருக்கும் காமிரா ஒன்று அதில் இருந்தது. டூலரி வெயிலில் பிறந்தவர்கள் நடக்கப் பழகும் முன்பே கண்ணைச் சுருக்கப் பழகிவிடுகிறார்கள். சவப்பெட்டியில்கூட அப்படித்தான் கிடப்பார்கள். காமிரா கிளைவைப் பார்த்த முதல் நாளே அவர் தூங்குகிறார் என்ற முடிவுக்கு வந்தது. "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள். தயவுசெய்து ஓய்வெடுங்கள்," என்றது ஒரு பெண்குரல், கனிவாக. நாலு நிமிடத்துக்கு ஒரு முறை. ஐம்பத்தெட்டு வருடத்தில் கிளைவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் வாரம் திட்டினார். இரண்டாம் வாரம் "பரவாயில்லம்மா" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்.

மனைவி நோலீன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். "நான் ஒரு தடவகூட உன்கிட்ட இப்படிச் சொன்னதில்லையே," என்றாள்.

"நீ சொன்னா நான் படுத்துடுவேன்னு உனக்குத் தெரியும்."

ஊர் மதுக்கடையில் கொக்குக்குத் தகுந்த வரவேற்பு கிடைத்தது. மழையில் கரைந்துவிடுமா, ஆற்றில் விட்டால் மீன் பிடிக்குமா என்றெல்லாம் அக்கறையோடு விசாரித்தார்கள். அதிகம் அக்கறைப்பட்டவர் ரஸ்ஸல் டிரான்டர். தீவனக் கடை வைத்திருப்பவர். ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் யூட் திருவிழாக் குழுவின் தலைவர். அவருடைய யூட்டின் தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறக் கம்பளம். கம்பளத்தின் மேல் ஒரு குளிர்பெட்டி. செருப்போடு யாரும் ஏறக் கூடாது.

சிரித்து முடித்த மூன்றாம் நாள் ரஸ்ஸல் போன் செய்தார். மாமியாரின் அலமாரியை இடம் மாற்ற வேண்டுமாம்.

"உன் யூட் இருக்கேப்பா," என்றார் கிளைவ்.

"அதுலயா? கீறிடும்யா."

அது தொடக்கம். அதன் பிறகு ஊரில் நகர வேண்டிய எதுவும் கொக்கு இல்லாமல் நகரவில்லை. கால்பந்து மைதானத்தின் கோல் கம்பங்கள் போயின. மதுக்கடையின் பியானோ போனது. செத்து இரண்டு நாளான பசு ஒன்று, அதன் சொந்தக்காரர் தன் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்னால் வர, ஊர்வலமாகப் போனது. சரளைக்கல் எத்தனை நடை என்று யாரும் எண்ணவில்லை. யூட் வைத்திருப்பவரிடம் உதவி கேட்டால் ஒரு பெட்டி பீர் கொடுப்பது அங்கே வழக்கம். கிளைவ் அதிகம் குடிப்பவர் அல்ல. பதினோரு மாதத்தில் கொட்டகையின் ஒரு சுவர் முழுக்கப் பீர்ப் பெட்டிகள் கூரையைத் தொட்டன. பிரித்துப் பார்த்தால் டூலரியின் நன்றியுணர்ச்சி எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று தெரியும்.

இதையெல்லாம் கிளைவ் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனதில் இருந்தது வேறு. யூட் திருவிழா அணிவகுப்பில் விட்டுப்போகாமல் இருபத்தைந்து வருடம் ஓட்டியவருக்கு ஒரு வெள்ளி பெல்ட் பக்கிள் கொடுப்பார்கள். ஊரில் இதுவரை மூன்று பேர்தான் வாங்கியிருக்கிறார்கள்; ஒருவரை அதோடு புதைத்தார்கள். இருபத்துநாலு வருடம் பழைய யூட்டில் ஓட்டியாயிற்று. இது இருபத்தைந்தாவது. ஒரு வருடம் விட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எண்பத்து மூன்று வயதில் பக்கிள் கிடைக்கும். கிளைவ் யாரிடமும் சொல்லாமல் புது பெல்ட் ஒன்று வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். பக்கிள் இல்லாத பெல்ட்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மதுக்கடையின் பின்னறையில் திருவிழாக் குழுவின் வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டம் கூடியது. கிளைவும் குழுவில் ஒருவர். தடுப்புவேலி, கழிப்பறை ஆகியவற்றுக்குப் பொறுப்பு. ரஸ்ஸல் எழுந்து, மரபு ஆபத்தில் இருக்கிறது என்றார். சில வண்டிகள் வருகின்றன, அவை எந்த வண்டிகள் என்று தாம் சொல்லப்போவதில்லை என்று கிளைவைப் பார்த்தபடி சொன்னார். சீன வண்டிகளுக்குத் தடை என்று எழுதிவிடலாம் என்பது அவர் யோசனை.

செயலாளர் பெரில் ஓக்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். வண்டியே இல்லாதவர், எங்கே போனாலும் நடந்துதான் போவார். எந்த நாட்டையும் ஒதுக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் நகராட்சியிடம் உதவித்தொகை வாங்கியிருக்கிறோம் என்றார்.

எனவே ரஸ்ஸல் சுற்றிவளைத்து எழுதினார். விதி ஒன்று: "உழைக்கும் யூட்களுக்கு மட்டுமே அனுமதி. உழைப்பின் தழும்பு தொட்டியில் தெரிய வேண்டும்." விதி இரண்டு: "தகுதி இழந்த வண்டிக்காரர், திருவிழா நாளில் விதியை மாற்றக் கோரி எந்தத் தீர்மானமும் கொண்டுவரக் கூடாது." இரண்டாவது விதி கிளைவ் வந்து அழுதுவிடக் கூடாதே என்ற கருணையினால்.

"பதினோரு மாசக் குழந்தைக்கு எங்கய்யா தழும்பு?" என்று ரஸ்ஸல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

வழிமொழிய ஒருவர் வேண்டும் என்றார் பெரில். கிளைவின் முகத்துக்கு நேரே கை தூக்க மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம். மணி ஏழு ஐம்பது. வியாழக்கிழமை ஷ்னிட்ஸல் நாள்; ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த கோழி. எட்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். ஒன்பது பேரும் பசியோடு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் கிளைவ். கையைத் தூக்கி, தம்மைத் தாமே விலக்கிவைக்கும் தீர்மானத்தை வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. ஷ்னிட்ஸல் நன்றாக இருந்தது.

வீட்டில் நோலீன் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "தொட்டியப் பார்த்தியா?" என்றாள்.

"எதுக்கு?"

"அதுல பெயின்ட் இருக்கா?"

"இல்ல. ஆனா அதெல்லாம் வேலை இல்லையே நோலீன். சும்மா உதவிதானே."

"பெரிலுக்கு வித்தியாசம் தெரியுமான்னு போய்ப் பாரு," என்றாள் நோலீன்.

திருவிழா நாள் காலை. தடுப்புவேலி, மேடை, கழிப்பறைகள், பீர்ப் பீப்பாய்கள், 'உழைக்கும் யூட்கள் மட்டும்' என்ற பெரிய பலகை ஆகிய எல்லாவற்றையும் கொக்குதான் மைதானத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. பலகையை நுழைவாயிலில் நட்டவரும் கிளைவ்தான். நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, ஒரு விரற்கடை சரிசெய்தார்.

நாற்பத்திரண்டு யூட்கள் வரிசையில் நின்றன. ஒன்றில் முகம் பார்த்துச் சீப்பெடுத்துத் தலை வாரலாம். பெரில் டார்ச் விளக்கோடு வந்து, முதலில் தலைவரின் வண்டி மூடியைத் திறக்கச் சொன்னார்.

"தழும்பு?"

"உள்ள இருக்கு பெரில். கம்பளத்துக்கு அடியில."

பெரில் கம்பளத்தைத் தூக்கினார். அடியில் இன்னொரு கம்பளம் இருந்தது. தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அதில் தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதற்கடுத்ததில் மெத்தை. இப்படி நாற்பத்தொரு கோடுகள் போட்டார். கடைசியில் கொக்கு நின்றது. அதன் தொட்டியைப் பார்த்ததும் பெரில் டார்ச்சை அணைத்துவிட்டார், தேவைப்படவில்லை. பியானோக் கால் இழுத்த பள்ளம் ஒரு பக்கம். அலமாரி மூலை குத்தியது நடுவில். பெரில் கையால் தடவிப் பார்த்து, "தேறியது," என்று எழுதினார்.

கூச்சல் எழுந்தது. பெரில் பொறுமையாகக் கேட்டார். அணிவகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த செங்கல் குவிந்து கிடக்கிறது, ஒரு நடை ஏற்றி வருகிறவர் வண்டியை மறுபடி பார்க்கிறேன் என்றார். நியாயமான ஏற்பாடு.

நாற்பத்தொரு பேரும் கூடிப் பேசினார்கள். பிறகு ரஸ்ஸல் கிளைவிடம் வந்து, செங்கல்லை அள்ளிவர முடியுமா என்று கேட்டார்.

"உங்க வண்டியிலயே போய் அள்ளிட்டு வரத்தானேய்யா சொல்றாங்க?"

"செங்கல்லயா?" ரஸ்ஸல் தம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "கீறிடுமேப்பா."

கிளைவ் போனார். பழக்கம். கொக்கு ஒரு நடை செங்கல்லைக் கொண்டுவந்து மைதானத்தில் கொட்டியது. நாற்பத்தொரு பேரும் அதைச் சுற்றி நின்று, சாவு வீட்டில் நிற்பதுபோல் பார்த்தார்கள். யாரும் குனியவில்லை. கடைசியில் ரஸ்ஸல் ஒரே ஒரு செங்கல்லை எடுத்து, துடைத்து, துண்டில் சுற்றி, கம்பளத்தின் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தும்விட்டார்.

இனி ஒரே வழிதான். விதியை நீக்க வேண்டும். தகுதி இழந்தவர்கள் தீர்மானம் கொண்டுவரக் கூடாது என்பது ரஸ்ஸல் தம் கையாலேயே எழுதியது. தகுதியான வண்டியோடு இருந்த குழு உறுப்பினர் ஒருவரே. செயலாளர் முன்மொழியக் கூடாது, வழிமொழிய வேண்டுமென்றால் தாம் வழிமொழிவதாகப் பெரில் சொன்னார். முன்மொழிய வேண்டியவர் கிளைவ். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கையைத் தூக்கினவன் இன்றைக்கும் தூக்க மாட்டானா என்ற நம்பிக்கை எல்லா முகத்திலும் இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுய்யா," என்றார் ரஸ்ஸல். "நாம எல்லாம் ஒண்ணா ஓட்டினவங்க. நீ நல்லவன்."

கிளைவ் கையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டினார்.

"அன்னிக்கு எனக்குப் பசி, ரஸ்ஸல்," என்றார். "இன்னிக்குச் சாப்பிட்டுட்டுதான் வந்தேன்."

பதினோரு மணிக்கு டூலரி யூட் அணிவகுப்பு தொடங்கியது. பதினொன்று நாலுக்கு முடிந்தது. ஒரு வண்டி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பவர் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப உற்சாகமாக வாசித்தார். கிளைவ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஓட்டினார். "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள்," என்றது குரல். "தயவுசெய்து ஓய்வெடுங்கள்." கிளைவ் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி.

பக்கிளை மாட்டியது ரஸ்ஸல்தான். தலைவர் என்ற முறையில். மாட்டிவிட்டுக் குனிந்தபடியே, மேடையையும் கழிப்பறைகளையும் சாயங்காலம் எத்தனை மணிக்கு ஏற்றுவதாக உத்தேசம் என்று மெல்லக் கேட்டார்.

திருவிழா மலரில் தலைவரின் உரை அவ்வாண்டும் அச்சானது. டூலரியின் உழைப்பு மரபு இன்னும் சாகவில்லை என்று அதில் எழுதியிருந்தார். உண்மைதான். சாகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று நாற்பத்தொரு பேருக்கும் நன்றாகத் தெரியும். அதன் போன் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது.