பாஸ்வேர்டுக்கு ஐந்து பங்காளிகள்

பாத்தியதைக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் காஞ்சிபுரத்தில் இந்த இனம் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பதும் சுலபம். கருட சேவையன்று ஊரே நெருக்கியடித்து நிற்கும்போது ஒருவர் மட்டும் முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, "சார், இது நாங்க நிக்கற எடம்" என்பார். பட்டா இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். அவர் அப்பா அங்கே நின்றிருக்கிறார், அது போதாதா? நூலகத்தில் பேப்பரின் நடுப்பக்கம் அவருடையது. டாக்டரின் வரவேற்பறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருடையது. தப்பித்தவறி நீங்கள் அதில் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். எதிரே நின்றுகொண்டு, உங்களுக்கு வந்திருக்கும் வியாதி எவ்வளவு மோசமானது என்று விசாரிப்பார்.

இவரைக் கஞ்சன் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகா தாராளம். ஒரு பொருள் தன்னுடையது என்று முடிவாகிவிட்டால் அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார். கொடுக்க முடிந்தால்தானே அது தன்னுடையது என்று நாலு பேருக்குத் தெரியும்?

உதாரணத்துக்கு எங்கள் தெரு பாச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வங்கி அதிகாரி, தலையில் முன்பக்கம் காலி. இரண்டாயிரத்து எட்டில், அதாவது ஊரில் வீட்டுக்கு வீடு பிராட்பேண்டு நுழைந்து மின்சாரம் வீட்டுக்கு வீடு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், அவருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் பித்துப் பிடித்தது. சிடி கிடையாது, டப்பா கிடையாது. கடல் கடந்த ஏதோ ஒரு கம்பெனிக்குக் கிரெடிட் கார்டில் பணம் கட்டி, கணக்கு ஒன்று தொடங்கி, ராத்திரி முழுக்க இறக்கிக்கொண்டால், காலையில் கார் பந்தயம் தயார். அதோடு ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று இலவச இணைப்பு.

பேருந்து நிலையத்தருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கலைவாணனுக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னா சார், இதுக்குப் போய் யாராவது காசு கட்டினு இருப்பாங்களா? என்னான்ட சொன்னா சிடில போட்டுக் குடுத்திருப்பேன்."

"திருட்டுச் சரக்கு வேண்டாம்பா. முறையா வாங்கினாதான் அதுல நமக்கு ஒரு பாத்தியதை" என்றார் பாச்சா.

முறை. அந்தச் சொல்லில்தான் வந்தது வினை. பாச்சாவின் குடும்பத்துக்குக் கோயிலில் கைங்கரிய முறை உண்டு. வருஷத்தில் இன்னின்ன நாள் இன்ன வீட்டாருடையது. குடும்பம் பெருகினால் நாள்கள் பங்காளிகளுக்குள் பிரியும். ஒருவருக்குத் தோதுப்படாவிட்டால் இன்னொருவர் அந்த நாளைப் பார்த்துக்கொள்வார். கோயிலை இவர்கள் கட்டவில்லை, பெருமாள் இவர்கள் சொத்தும் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை இன்னாருடையது என்றால் இன்னாருடையதுதான். தலைமுறை தலைமுறையாகச் சண்டையில்லாமல் நடக்கிற, இல்லை, சண்டையோடு சேர்ந்தே நன்றாக நடக்கிற ஏற்பாடு. பாச்சா அதை அப்படியே தூக்கிக் கார் பந்தயத்தின் மேல் வைத்தார்.

பங்காளிகள் ஐந்து பேர். மூத்தவர் பாச்சா. அடுத்தவன் வசிஷ்ட், ஏனாத்தூரில் கல்லூரி ஆசிரியன். மற்ற மூவரில் ஒருவன் பெங்களூரில், ஒருவன் பம்பாயில், ஒருவன் அமெரிக்காவில். சனி ஞாயிறு பாச்சாவுக்கு. மற்ற நாள்கள் தம்பிகளுக்கு. தொலைபேசியில் எல்லோருக்கும் பாஸ்வேர்டு ஓதப்பட்டது. நாளைக்குத் தனக்குப் பிறகு அது பிள்ளைகளுக்குப் போகும் என்றும் பாச்சா அறிவித்துவிட்டார். கார் ஓட்டத் தெரியாத வயதில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குள் உயில் தயார்.

பெண்களுக்கு முறை கிடையாது. கோயிலில் இல்லை, ஆகவே பாஸ்வேர்டிலும் இல்லை.

இந்த இடத்தில் பாச்சாவின் மனைவி வத்ஸலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வரைபடம் போடும் படிப்பு படித்துத் தேறியவர். தேறிய பிறகு அவர் போட்டதெல்லாம் வாசலில் கோலம்தான். பாச்சா வங்கிக்குப் போன பிறகு, மத்தியான வேளையில், யாருமே சீந்தாத அந்த இலவச விளையாட்டைத் திறந்து பார்த்தார். பிறகு தினமும் திறந்தார். சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும், பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருந்தால் குழந்தைகள் பெரிய சாலையைத் தாண்ட வேண்டியிருக்காது, தண்ணீர்த் தொட்டியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்றெல்லாம் யோசித்து யோசித்து ஓர் ஊர் கட்டினார். நான் ஒருநாள் பார்த்தேன். தண்ணி லாரி இல்லாத ஊர். மின்வெட்டு இல்லாத ஊர். நடுவில் எங்கள் ஊர் வேகவதி போல ஓர் ஆறு, ஆனால் அதில் நிஜமாகவே தண்ணீர். எங்கள் வீட்டை அங்கே மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "கிழக்குத் தெருவுல மனை இருக்கு, தரேன்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஆக, வசிஷ்ட் ஏனாத்தூரில் காரை விரட்டுகிற அதே நேரத்தில் இங்கே வத்ஸலா பாலம் கட்டுகிறார். நாள் கணக்கு குழம்பிப்போன அமெரிக்கத் தம்பி அங்கேயும் காரைக் கிளப்பிவிட்டான். கடல் கடந்த கம்பெனிக்கோ தெரிந்தது பாச்சா ஒருவரைத்தான். ஒரே பாச்சா ஒரே சமயத்தில் மூன்று ஊரில் இருந்தால் கம்பெனி என்ன நினைக்கும்? அவதாரம் என்றா நினைக்கும்? திருட்டு என்று நினைத்தது. கணக்கைப் பூட்டியது.

அவ்வளவுதான், தெரு அமளிப்பட்டது. பாச்சா கம்பெனிக்குக் கோபமாக எழுத, கம்பெனி அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதியது. ஐயா, தாங்கள் எதையும் வாங்கவில்லை. ஆடிக்கொள்ளத் தங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம். அதைப் பிறருக்குக் கொடுக்கவோ, பங்கு போடவோ, உயில் எழுதவோ முடியாது. இதற்கெல்லாம் முதல் நாளே தாங்கள் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள்.

"சம்மதமா? நான் எங்கே சொன்னேன்?" என்று பாச்சா வீடு வீடாக ஏறி இறங்கினார். "கை நீட்டிப் பணத்தை வாங்கிண்டு அனுமதிங்கறான். இவன் யாரு எனக்கு அனுமதி தரதுக்கு? எங்காத்துக் கம்ப்யூட்டர்ல இருக்கு, எங்காத்துக் கரெண்ட்ல ஓடறது. என்னோடது இல்லேன்னா வேற யாரோடதாம்?" எங்கள் வீட்டிலும் வந்து முழங்கினார். என் காபி ஆறிப்போனது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

அவரைத் தேடிக்கொண்டு வத்ஸலாவும் வந்து வாசலில் நின்றார்.

"ஏன்னா, அப்போ என் ஊர் என்ன ஆகும்?"

"எந்த ஊரு?"

"நான் கட்டின ஊர். நம்ம கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஆனா உள்ளே போக முடியலே."

பாச்சா கனிவாகச் சிரித்தார். "வத்ஸு, நீ ஆடறதுக்கு நான் என்னிக்காவது தடை சொன்னேனா? ஆடிக்கோன்னு விட்டேனோல்லியோ? ஆனா கணக்கு என் பேர்ல இருக்கு. அதை நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே."

கம்பெனி எழுதிய கடிதத்தின் தமிழாக்கம் இதுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, வத்ஸலாவுக்கும் தெரிந்தது. அவர் வாசலோடு திரும்பிப் போனார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆறின காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

சில நாள் கழித்துக் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. கணக்கைத் திறக்கிறோம், ஆனால் ஒரே ஒருவருக்குத்தான். அவர் பெயரைச் சொல்லுங்கள். உண்மையில் ஆடுகிறவர் அவர்தானா என்று தெரிய, கடைசியாகச் சேமித்த ஆட்டத்துக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உடனே பங்காளிகள் தொலைபேசியில் கூடினார்கள். மூத்தவன் நான் என்றார் பாச்சா. அதிகம் ஆடினவன் நான் என்றது பெங்களூர். சரி, கடைசியாகச் சேமித்தது என்ன?

"நான் கார்தான் ஓட்டினேன் அண்ணா. பேரெல்லாம் யார் வெச்சா?" என்றான் வசிஷ்ட். பம்பாய் இருமியது. அமெரிக்காவில் லைன் சரியில்லை.

"வேகவதி நகர்" என்றது சமையலறை.

பாச்சாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவர் ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறவர் என்பதால், கூடத்தில் உலாத்திக்கொண்டே ஆங்கிலத்தில் பதிலைச் சொல்லச் சொல்ல வத்ஸலா தட்டினார். தங்கள் குடும்பத்தின் தொன்மை பற்றி ஒரு பத்தி, கம்பெனியின் சிறுமை பற்றி ஒரு பத்தி.

"பெயர், விவரம் எல்லாம் போட்டாச்சு. ஒரு தடவை வாசிச்சுடுங்கோ" என்றார் வத்ஸலா.

"நான் சொன்னதை நானே என்னத்தை வாசிக்கறது? அனுப்பு."

அனுப்பினார். மறுநாளே கணக்கு திறந்துவிட்டது. நற்செய்தியைக் காட்ட என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார் பாச்சா. கம்பெனியின் கடிதம், அன்புள்ள திருமதி வத்ஸலா அவர்களுக்கு, என்று ஆரம்பித்தது.

பாச்சா அதை இரண்டு முறை படித்தார். வாழ்க்கையில் அவர் முழுசாகப் படித்த முதல் கம்பெனிக் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

"என்னது இது வத்ஸு?"

"யார் ஆடறாளோ அவா பேரைக் கேட்டிருந்தான். பொய் எழுதப்படாதோன்னோ?"

தலையில் காலியாக இருந்த பகுதியைத் தடவிக்கொண்டு, "அப்போ நான்?" என்றார்.

"ஆடுங்கோ, நான் தடை சொல்லுவேனா? ஊர்ப் பக்கம் மட்டும் வராதேங்கோ. வடக்கே பாலம் பாதியில நிக்கறது, இடிச்சுடுவேள்" என்று சொல்லிவிட்டு வத்ஸலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நன்றாக வேண்டும் பாச்சாவுக்கு என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். நீங்கள் அந்த இனமே இல்லை. உங்களுக்குக் கருட சேவையில் நிற்க இடமும் கிடையாது, கார் பந்தயத்தில் பங்கும் கிடையாது. ஆனால் நேற்று வந்த விருந்தாளியிடம் கூடம், மாடி எல்லாம் சுற்றிக் காட்டி "இது என் வீடு" என்றீர்களே, அப்போது அவருக்குக் காபி கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் நின்றிருந்தவரின் முகத்தைக் கொஞ்சம் பார்த்தீர்களா?