துரித கதியில் மூடப்பட்ட பூங்கா

இந்த ஊரில் நகராட்சி ஆணையருக்கு அடுத்தபடியாக அதிகாரம் உள்ள ஆள் நான்தான். சம்பளச் சீட்டில் அப்படி இருக்காது. அதில் 'செய்திப் பிரிவு உதவியாளர்' என்றுதான் இருக்கும். ஆனால் திங்கள்தோறும் நகராட்சி வெளியிடும் செய்தி அறிக்கையை எழுதுவது நான். எந்தத் தெருவைத் தோண்டுகிறார்கள், எந்தப் பஸ் எந்தப் பக்கம் சுற்றிப் போகிறது, எல்லாம் நான் எழுதினால்தான் ஊருக்குத் தெரியும். ஆணையரே அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

இப்பேர்ப்பட்டவனைத்தான் என் மனைவி தினமும் விடியற்காலையில் போர்வையை உருவி, எழுப்பி, பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். காரணம் என் தொப்பை. அது அவளை என்ன செய்தது? தானுண்டு தன் வேலையுண்டு என்று என்னோடுதான் இருக்கிறது. முன்னால் அவள் விறுவிறுவென்று நடப்பாள். பின்னால் நான், ரொம்பப் பின்னால். கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர்கள்கூட என்னைத் தாண்டிப் போகும்போது பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒருவர் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அன்றைக்குச் சபதம் எடுத்தேன். இனி இந்தப் பூங்காவில் கால் வைப்பதில்லை.

இதை மனைவியிடம் பேசிச் சாதிக்க முடியாது. எங்கள் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவி அவள். அவள் போன் செய்தால் தலைமையாசிரியர் எழுந்து நின்று பேசுவார். ஆகவே எழுதித்தான் சாதிக்க வேண்டும்.

திங்கட்கிழமை அறிக்கையில், குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நடுவில், இரண்டு வரியைச் சொருகினேன். 'நகராட்சிப் பூங்காவில் மேம்பாட்டுப் பணிகள் துரித கதியில் நடைபெற்று வருவதால், மறு அறிவிப்பு வரும்வரை பூங்கா மூடப்படுகிறது. பொதுமக்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.' வருத்தமெல்லாம் சும்மா. விசில் அடிக்காத குறை.

சற்று நேரத்தில் பூங்கா வாட்ச்மேன் போன் செய்தார்.

"சார், பூங்காவ மூடுறதாப் போட்டிருக்கே?"

"போட்டிருந்தா மூடுங்க."

"வேலைக்கு ஆளே வரலியே சார்."

"துரித கதின்னு போட்டிருக்குல்ல? வந்துடுவாங்க."

மனுஷன் பூட்டியதோடு நிற்கவில்லை. ஆர்வக் கோளாறில் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு, எங்கிருந்தோ மணலும் கொண்டுவந்து குவித்துவிட்டார். சாயந்திரம் அந்த வழியாகப் போனபோது, உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று நானே நம்பிவிட்டேன்.

வீட்டில் மனைவி கைபேசியில் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பூங்காவ மூடிட்டாங்களாமே."

"அப்படியா?" என்று அதிர்ச்சி காட்டினேன்.

"நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதுறதுதான் நான். படிக்கறதுக்கு எங்க நேரம்?"

"என்ன வேலை நடக்குதாம்?"

"மேம்பாட்டு வேலை."

"எதை மேம்படுத்துறாங்க?"

"பூங்காவ."

"ஓகோ," என்றாள். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு 'ஓகோ'வோடு நிறுத்தியதே கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் எட்டு மணிவரை மல்லாந்து கிடந்தேன். சொர்க்கம் மேலே எங்கேயோ இருக்கிறது என்பவர்கள் என் கட்டிலைப் பார்க்காதவர்கள்.

வியாழக்கிழமை ஆணையர் கூப்பிட்டார்.

"நம்ம பூங்காவுல வேலை நடக்குது, தெரியுமா?" என்றார் பெருமையாக.

"தெரியும் சார். துரிதமா நடக்குது."

"ஆனா ஒரு சிக்கல். பிள்ளைங்க பூங்காவுக்குள்ள புகுந்துதான் ஸ்கூலுக்குப் போவாங்களாம். இப்ப மெயின் ரோடு வழியாச் சுத்திப் போறாங்க. பஸ் திரும்புற முக்கு அது. நேத்து பெற்றோர் சங்கத் தலைவி வந்து சொன்னாங்க."

எனக்குத் திக்கென்றது. என் மகளும் அந்த வழிதான். இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியே வந்தால் பள்ளிக்கூடம். தூக்கத்துக்கு ஆசைப்பட்டு, பெற்ற பிள்ளையை பஸ் திரும்பும் முக்குக்கு அனுப்பியிருக்கிறேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கே பூங்காவத் திறந்துடலாம் சார்."

"வேலை பாதியில நிக்கும்போதா? அந்த அம்மாவே வேண்டாம்னுட்டாங்க. நல்ல வேலை, முடியட்டும்னாங்க. முக்குல ஒரு ஆள் நின்னு பிள்ளைங்கள ரோட்டைத் தாண்டி விட்டா போதுமாம்."

"அருமையான யோசனை சார். யாரைப் போடலாம்?"

"அதையும் அவங்களே சொல்லிட்டாங்க. காலையில எட்டு மணிவரைக்கும் சும்மா படுத்திருக்கிற ஊழியர் நீங்க ஒருத்தர்தானாமே."

மறுநாள் ஏழு மணிக்கு அந்த முக்கில் நின்றேன். மேலே பளபளக்கும் மஞ்சள் சட்டை. தொப்பையைத் தாண்டி அதன் பொத்தான் எட்டவில்லை. கையில் 'நில்' என்று எழுதிய பலகை. வண்டிக்காரர்கள் பலகையைப் பார்த்து நின்றார்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் நின்று, "கையை இன்னும் உசத்துங்க" என்று மனைவி மேற்பார்வை செய்தாள். "யாருடி அந்த அங்கிள்?" என்று தோழி கேட்டதற்கு, என் மகள் "தெரியலை" என்று சொல்லிவிட்டு என் முன்னாலேயே தாண்டிப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை, 'பணிகள் சிறப்பாக நிறைவுற்றன' என்று எழுதிப் பூங்காவைத் திறந்தேன். வாட்ச்மேன் மணலை அள்ளினார். ஆனால் ஆணையர் அறிக்கையில் இன்னொரு பத்தியைச் சேர்க்கச் சொன்னார். முக்கில் ஊழியர் நிற்கும் ஏற்பாடு மக்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றதால் நிரந்தரமாக்கப்படுகிறதாம். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருப் பிள்ளைகள் எப்போதுமே முக்கைத் தாண்டித்தான் வருகிறார்களாம். அங்கே ஆள் போடச் சொல்லிப் பெற்றோர் சங்கம் ஒரு வருஷமாகக் கேட்டும், 'பரிசீலனையில் உள்ளது' என்று யாரோ பதில் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். அந்த யாரோ நான்தான். என் ஆயுள் தண்டனையை என் கையாலேயே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"படிச்ச உடனே. நிஜமா வேலை நடந்தா 'வேலை நடக்குது'ன்னு எழுதுவீங்க. ஒண்ணுமே நடக்கலைன்னாத்தான் 'துரித கதி'."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா பூங்காவத் திறந்திருப்பீங்க. முக்குக்கு ஆள் கிடைச்சிருக்குமா? அன்னிக்கு சாயந்திரமே பெற்றோர்களுக்குச் சொல்லிட்டேன். ஆள் வர்ற வரைக்கும் நாங்களே முறை வச்சு நின்னோம். நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்க."

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் மட்டும் மனசு லேசானது.

"சரி, தோத்துட்டேன். முக்குல நிக்கிறேன். ஏழு மணிக்குத்தானே? ஆறரை வரைக்குமாவது தூங்க விடு."

"எப்படிங்க முடியும்? பூங்காவத்தான் திறந்தாச்சே. அஞ்சு மணிக்கு எழுப்புறேன். அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கிட்டே நடங்க, இருட்டுல எங்க உக்காந்துட்டீங்கன்னு எனக்கும் தெரியும்."