வீட்டில் ஒருவர் சொல்ல வேண்டும்

அன்று டொக்டர் ஹபீலின் அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் டொக்டர். முன்னால் முத்துலிங்கம், பறக்க அனுமதி இல்லாத விமானி. பக்கத்துக் கதிரையில் அவர் மனைவி சுந்தரி. வெளியே வாங்குப் பலகையில் சுந்தரியின் அண்ணன் அழகையா. வேன் ஓட்டி வந்தவர், அதனால் கணக்கில் இல்லை.

சுந்தரி வாயைத் திறக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே போயிருந்தது.

மஹய்யாவவில் உள்ள வீட்டுப் படியில் ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு, ஒரு வருடத்துக்கு மேலாக முத்துலிங்கம் தரையில் இருந்தார். காயம் ஆறிவிட்டது. மூளை பழையபடி வேலை செய்கிறது என்று ஹபீல் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி விமானம் ஓட்டலாம். காலையிலிருந்து எண்களைத் தலைகீழாகச் சொன்னார். வாசித்துக் காட்டிய சொற்களை வேறு வேலைகளுக்குப் பிறகும் தப்பில்லாமல் ஒப்பித்தார். தாளில் சிதறிக் கிடந்த எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்கச் சொன்னபோது கை நடுங்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் அவருக்கு ஓர் ஊர். மாலே, சென்னை, மஸ்கட். கடைசி எண்ணிலிருந்து பென்சிலை எடுக்க மனம் வரவில்லை. டொக்டர்தான் மெதுவாகப் பிடுங்கினார்.

அடுத்து, வீட்டில் கூட இருக்கும் ஒருவர் சொல்ல வேண்டுமாம். இங்கே கெட்டிக்காரராக இருந்துவிட்டு வீட்டில் அடுப்பை அணைக்க மறக்கிறவர்கள் உண்டு என்றார் டொக்டர்.

சுந்தரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"என்னத்த சொல்றது டொக்டர். இவருக்கு ஒண்ணும் ஞாபகத்துல நிக்கிறதில்ல. பருப்பு வாங்க அனுப்புனா வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றாரு."

டொக்டர் எழுதினார்.

அன்று கடை பூட்டியிருந்தது என்றார் முத்துலிங்கம். திறந்துதான் இருந்தது, பிறகு நான் போய் அதே கடையில் வாங்கினேன் என்றாள் சுந்தரி. உண்மையில் வழியில் மிக உயரத்தில் ஒரு விமானம் போனது. அது ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைக்குப் பின்னால் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு அவர் அப்படியே வீடு திரும்பிவிட்டார். இதை டொக்டரிடம் சொல்ல முடியாது. ஆகவே, தன் ஞாபகத்தில் சந்தேகம் இருந்தால் எந்தத் தேதியை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார்.

டொக்டர் கல்யாண நாளைக் கேட்டார்.

முத்துலிங்கம் யோசிக்கவே இல்லை. தேதி, மாதம், வருடம், விடிந்து எவ்வளவு நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதுவரை சொன்னார். கல்யாணத்துக்குக் காற்றின் திசை சொன்னவரை டொக்டர் அதுவரை பார்த்ததில்லை. சுந்தரியைப் பார்த்தார்.

"அது இவரு மொதல்ல தனியா ப்ளேன் ஓட்டுன நாளு," என்றாள் அவள். "கல்யாணம் அதுக்கு அடுத்த வருசம்."

டொக்டர் கொஞ்சம் நீளமாக எழுதினார்.

வியர்த்துப்போன முத்துலிங்கம், மச்சானையும் ஒரு வார்த்தை கேட்கும்படி கேட்டுக்கொண்டார். அழகையா உள்ளே வந்து, இப்படியொரு மூளையை எங்கள் பரம்பரையிலேயே பார்த்ததில்லை என்று தொடங்கினார். கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு அப்பளம் வரவில்லை என்பதை மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாராம். டொக்டர் அதையும் குறித்துக்கொண்டார். அவர் எழுத எழுத அழகையாவுக்கு உற்சாகம் கூடியது.

"ராத்திரில தூக்கமே கெடையாது டொக்டர். மொட்ட மாடியில நின்னுக்கிட்டு, மேல போறது எந்த ஊரு ப்ளேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. கீழ வாங்கன்னா வரமாட்டாரு. அவ்வளவு பொறுப்பு."

டொக்டர் புதிய தாள் எடுத்தார்.

இருவரையும் வெளியே அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார் முத்துலிங்கம். அவர்கள் போனதும் கதிரையை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டொக்டர், அவ கண்ணூறுக்குப் பயந்து பேசுறா. எங்காளுங்க அடுத்தவங்க முன்னால புருசன நல்லாருக்காருன்னு சொல்லமாட்டாங்க. சொன்னா அன்னிக்கே ஏதாச்சும் ஆயிரும்னு பயம். நான் மறுபடியும் பறக்கணும்னு என்னையவிட அவளுக்குத்தான் ஆச."

ஹபீல் பேனாவை வைத்தார். மகன் மருந்துக் கடையில் நிற்கிறான் என்றுதான் அவருடைய தாய் இன்னும் அயலவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கட உம்மாவும் அப்பிடித்தான்," என்றார். புதிய தாளை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். சோதனை முடிவுகளில் ஒரு குறையும் இல்லை, அவற்றையே கொழும்புக்கு அனுப்புகிறேன் என்றார்.

அனுமதி வந்தது.

தரையில் இருந்த அந்த வருடம் முழுக்க முத்துலிங்கம் தேங்காய் துருவினார், சுந்தரியோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பின்னேரங்களில் அவளோடு வாவியைச் சுற்றி நடந்தார். அதை எல்லோரிடமும் மறியல், சிறைவாசம் என்றே சொல்லிவந்தார். செய்தியைச் சொல்ல அவர் குசினிக்கு ஓடியபோது சுந்தரி சுண்டால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். நல்லது என்றாள். பிறகு சுண்டில் இருந்ததில் பாதியைத் திரும்ப டின்னில் கொட்டினாள். எவ்வளவு சிக்கனக்காரி என்று முத்துலிங்கம் நினைத்துக்கொண்டார்.

புறப்பட்ட அன்று வெள்ளைச் சட்டை இடுப்பில் கொஞ்சம் இறுக்கியது. சுந்தரி வாசல்வரை வந்து, போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு கோல் எடுக்கச் சொன்னாள். அழகையா கட்டுநாயக்கவுக்கு வேனைத் தயாராக வைத்திருந்தார். பெட்டியை ஏற்றும்போது முத்துலிங்கம் அவர் காதருகில் குனிந்தார்.

"மச்சான், நான் இல்லாதப்ப இவள ஒரு தரம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணூறு கழிச்சி விடுங்க. பாவம், அதுக்கு அவ்வளவு பயப்படுறா. அன்னிக்கு டொக்டர்கிட்ட என்னைய மட்டந்தட்டுனதே அதுக்குத்தான்."

அழகையா பெட்டியைக் கீழே வைத்தார்.

"சுந்தரியா? அதுக்குக் கண்ணூறுல எல்லாம் நம்பிக்கையே கெடையாதே மாப்பிள."

திரும்ப டின்னுக்குப் போன அந்தப் பாதி அரிசி முத்துலிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி திரும்பியது.