சாம்பிள் சாரும் ஆகாயத்துக் கிருஷ்ணாயிலும்

நம் நாட்டுப் போர் விமானங்கள் எந்த எண்ணெயில் பறக்க வேண்டும் என்பதை டெல்லியில் யாரும் முடிவு செய்யவில்லை. காஞ்சிபுரத்தில், என் வாடகை சைக்கிள் கடைக்கு மேல்மாடி அறையில், பனியனோடு உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்துகொண்டிருந்தார். டெல்லிக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் சாம்பிள் சார். பட்டாளத்தில் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றும் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பெங்களூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் சூப்பர்வைசராக வந்து சேர்ந்தவர். பட்டாளத்தில் ஒரு விதி. விமானத்துக்கு எண்ணெய் போடுவதற்கு முன் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் சாம்பிள் பிடிக்க வேண்டும். மூன்று நிமிஷம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீரோ தூசியோ தங்கியிருந்தால் விமானம் கிளம்பாது. பட்டாளம் அவரை விட்டுவிட்டது. அவர் குடுவையை விடவில்லை.

பங்கில் டீசலுக்கு பஸ் வந்து நின்றால் முதலில் குடுவை வரும். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்ப்பார்.

"சார், இது தாமல் போற பஸ்ஸு. ஆகாயத்துல போகல."

"ரோட்டுல நின்னா எறங்கித் தள்ளலாம். அந்த தைரியத்துல பேசறே நீ. மூணு நிமிஷம்பா."

பயணிகள் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டு ஏறுவார்கள். ஒரு கட்டத்தில் கண்டக்டரே அதை ஒரு ஸ்டாப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்.

சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலிலும் இதே கதைதான். தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கி, வாயில் விடாமல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஓய், பெருமாள் தீர்த்தத்துலயே சந்தேகமா?" என்றார் பட்டர்.

"சந்தேகம் இல்ல சாமி. நடைமுறை."

பின்னால் நின்ற வரிசைக்கு அன்று புண்ணியம் மூன்று நிமிஷம் தாமதமாகத்தான் கிடைத்தது.

பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் ஒருவர் தன் மகளுக்கு வரன் பார்க்கப் போகும்போது, வெளி உலகம் பார்த்தவர் என்று மரியாதைக்கு இவரையும் கூட்டிப்போனார். காபி வந்தது, பலகாரம் வந்தது, பையனும் வந்தான்.

"பையன் எப்படி சார்?"

"அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரட்டும். அடியில இன்னா தங்குதுன்னு பாக்கலாம்."

பையன் பயந்துபோய் இருபது நிமிஷம் இமைகூட அசைக்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டார்கள். அந்தப் பையன் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் என்பது பெண் வீட்டாருக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் அவருக்குச் சில்லறை வேலை. பெரிய வேலை டெல்லிக்குக் கடிதம் எழுதுவது. மாதம் ஒன்று, நீல இன்லேண்டு, பத்து வருஷம். விஷயம் எப்போதும் ஒன்றேதான். என் கடையில் பஞ்சர் ஒட்ட வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

"பட்டாளத்து பிளேனுக்குன்னு தனியா ஒரு எண்ணெய் இருக்குதுப்பா. பெட்ரோலு பாதி, கிருஷ்ணாயிலு பாதி கலந்த மாதிரி. ஜனங்க போற ஜெட்டு பிளேனுக்கு வேற எண்ணெய். அது இன்னா தெரியுமா? உங்க வூட்டு விளக்குல ஊத்தறியே, அதே கிருஷ்ணாயிலு. நல்லா சுத்தம் பண்ணது, அவ்ளோதான். ரெண்டு எண்ணெய்னா ரெண்டு டேங்கு, ரெண்டு லாரி, ரெண்டு ஆபீசரு, ரெண்டு சீலு. இன்னாத்துக்கு? ஜனங்க பிளேனுக்கு ஊத்தறதையே பட்டாளத்துக்கும் ஊத்துன்றேன்."

மண்ணெண்ணெய்க்கு எங்கள் ஊரில் கிருஷ்ணாயில் என்றுதான் பெயர். கண்ணன் பெயரில் இருப்பதாலோ என்னவோ, அதற்கு வரிசையில் நிற்கும்போது கோயில் வரிசையைவிடப் பக்தி அதிகம் இருக்கும்.

சாம்பிள் சார் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார். ஒரு தடவை சண்டை விமானம் ஒன்று எங்கோ வடக்கே ஜனங்களுடைய விமான நிலையத்தில் இறங்கிவிட்டதாம். பத்தடி தள்ளி ஒரு லாரி நிறைய எண்ணெய். ஊற்றினால் ஓடும்.

"ஆனா அதை ஊத்தறதுக்கு ஃபாரம் கெடையாது. எங்க எண்ணெய் ரயில்ல வந்து சேர மூணு நாளு. சண்டைக்குப் போன பிளேனு, சம்பந்தி வூட்டுக்கு வந்தாப்போல தங்கிக்கினு இருந்துச்சு."

கேட்டுக்கொண்டிருந்த நெசவுக்காரர் ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "சார், பட்டுச் சேலையில உடலும் பட்டுதான், பார்டரும் பட்டுதான். ஆனா பார்டருக்கு தறியில ஒரு ஆளு தனியா ஒக்காந்து நூல் நாடாவைத் தள்ளறான். எல்லாம் ஒண்ணுதான்னு நீங்க எழுதிப் போட்டீங்கன்னா அவன் எங்க போவான்? உங்க ரெண்டாவது ஆபீசருக்கும் புள்ளைங்க இருக்கும் இல்ல?"

டெல்லியின் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பத்து வருஷமும் பதில் வரவில்லை. பதினோராவது வருஷம் வந்தது. அதுதான் வினை.

அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டிருந்த சமயம். ஊரில் கிருஷ்ணாயில் மறைந்துவிட்டது. கிருஷ்ணாயில் டிப்போ வாசலில் ஆட்களுக்குப் பதிலாக டின்கள் வரிசையில் நின்றன. டின் இல்லாதவர்கள் செங்கல் வைத்தார்கள். செங்கல் இல்லாதவர் ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொண்டு நொண்டியபடி வேலைக்குப் போனார்.

அந்த வரிசையில் நான்காவது டின் பச்சையம்மாவுடையது. என் கடைக்கு எதிரே, ஒரு மாடி வீட்டின் முன்பக்க அறையில் இட்லிக் கடை வைத்திருந்தவள். புருஷன் இல்லை. இரண்டு பம்பு ஸ்டவ், பத்து இட்லித் தட்டு, வாய், இவ்வளவும்தான் முதலீடு. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார்: ஸ்டவ் என்றால் சரி, விறகு வைத்துச் சுவரைக் கறுப்பாக்கினால் காலி செய்ய வேண்டும். கிருஷ்ணாயில் தீர்ந்து மூன்று நாள் அவள் விறகில் ஒப்பேற்றினாள். நான்காம் நாள் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் கெடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பார்த்து டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. அச்சடித்த தாள். தேதியும் விலாசமும் மட்டும் டைப் செய்திருந்தது. தங்கள் ஆலோசனை உரிய கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு வரி. சாம்பிள் சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நேராக டிப்போவுக்குப் போனார். அன்றைக்கு ஊரே அங்கேதான் இருந்தது.

"உரிய கவனம்னா இன்னா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பைலு நகந்துடுச்சுன்னு அர்த்தம். இனிமே சண்டை பிளேனெல்லாம் பழைய எண்ணெயை விட்டுடும்."

"விட்டுட்டு இன்னா ஊத்துவாங்க?"

"இன்னா ஊத்துவாங்க, கிருஷ்ணாயிலுதான்."

சொன்ன பிறகுதான் சுற்றிப் பார்த்தார். எழுபது டின்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓகோ," என்றாள் பச்சையம்மா நிதானமாக. "இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லாம போச்சேன்னு பாத்தேன். அய்யா மேல அனுப்பி வச்சிட்டாரா?"

மறுநாள் காலை அவர் இட்லிக்குப் போனபோது, "பிளேன்ல வெச்சிருப்பாங்க, அங்க போய் துன்னுங்க," என்றாள். முடிவெட்டும் கடையில் நாற்காலி காலி இல்லை என்றார்கள். காலியாகத்தான் இருந்தது. வார்டு மெம்பர் அன்று சாயங்காலமே தேரடியில் கூட்டம் போட்டு, "அடுப்புக்கு இல்லாத எண்ணெய் ஆகாயத்துக்கா?" என்று அரைமணி நேரம் முழங்கினார். மேடையில் நான்கு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. அவற்றுக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

நான் மாடிக்குப் போனேன். மனிதர் பன்னும் வாழைப்பழமுமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது அச்சடிச்ச தாளு, எல்லாருக்கும் அனுப்பறது, உங்க லெட்டரை அங்க எவனும் படிக்கலன்னு. ஊரு அடங்கிடும்."

என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குடுவையின் அடியில் எதையோ கண்டுவிட்ட முகம்.

"படிக்கலையாப்பா?" என்றார்.

எனக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது. "படிச்சிருப்பாங்க சார்," என்றேன்.

"அதான். படிச்சாங்க, பண்ணாங்க. பண்ணது நான்தான். ஒத்துக்கறேன்."

ஊர் முழுக்க அடுப்பை அணைத்த குற்றவாளியாக இருக்கச் சம்மதித்தார். யாரும் படிக்காத கடிதம் எழுதியவராக இருக்க மட்டும் அவருக்குச் சம்மதம் இல்லை.

வியாழக்கிழமை காலை அவர் எதிர்க்கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பச்சையம்மா புகையில் கண் சிவந்து, சுவரில் ஏறியிருந்த கரியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி இன்னாய்யா உனக்கு அந்த பிளேனு மேல?" என்றாள், திரும்பாமலே.

சாம்பிள் சார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். தோல், காய்ச்சிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கியிருந்தது. பத்து வருஷம் என் மாடியில் இருந்தவர், முழுக்கைச் சட்டை போட்டவர், அறைக்குள் பனியனோடு இருக்கும்போதும் அந்தக் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டே இருப்பார். நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

"பட்டாளத்து எண்ணெய்ல பெட்ரோலு கலந்திருக்குதும்மா. ஒரு பொறி போதும். கிருஷ்ணாயிலுன்னா அவ்ளோ சீக்கிரம் புடிக்காது, ஓடி வரலாம். என் பக்கத்துல ஒரு பஞ்சாபிப் பையன் நின்னுக்கினு இருந்தான். அவன் ஓடி வரல."

பச்சையம்மா துணியைக் கீழே வைத்தாள். அப்புறம், "அந்தப் புள்ளைக்காக நான் அழுவறேன்யா. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழம. நான் எங்க போவேன், சொல்லு," என்றாள்.

அவர் மாடி ஏறினார். ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்து, தான் இங்கிலீஷில் எழுதியதை அவள் முன்னால் நின்று தமிழில் சொன்னார்: "ஆலோசனை சொன்னவன் என்ற முறையில், காஞ்சிபுரம் பச்சையம்மா இட்லிக் கடையின் ஸ்டவ் தடையின்றி எரியும் வரை, மேற்படி ஆலோசனையை வாபஸ் பெறுகிறேன். அதுவரை விமானங்கள் பழைய எண்ணெயிலேயே பறக்கலாம்."

"டெல்லிக்காரங்களுக்கு என் பேரு எதுக்குய்யா?" என்றாள். ஆனால் அன்றைக்கு அவர் தட்டில் இட்லி விழுந்தது.

கடிதம் ரிஜிஸ்டர் தபாலில் போனது. தபால் வண்டி வாலாஜாபாத் தாண்டியிருக்காது, வெள்ளிக்கிழமை காலை கிருஷ்ணாயில் லாரி டிப்போவுக்கு வந்துவிட்டது. வாபஸ் வாங்கியதும் வந்துவிட்டது பார் என்றது ஊர். நான் முழங்கியதும் வந்தது என்று வார்டு மெம்பர் நோட்டீஸ் அடித்தார். வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். முடிவெட்டும் கடையில் நாற்காலி காலியானது.

சாம்பிள் சாருக்குத்தான் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. வேலைக்குப் போவார், வருவார், ஜன்னல் ஓரம் உட்காருவார். ஒரு மாதம், இரண்டு மாதம். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் யாரும் தடுக்காமல் சீக்கிரமாகக் கிளம்பிப் போனார்கள். அது எனக்கே நன்றாக இல்லை.

ஒரு நாள் காலை வியாபாரம் முடிந்து பச்சையம்மா என் கடைக்கு வந்தாள்.

"மேல அந்த மனுசன் இன்னா பண்றாரு தம்பி?"

"சும்மா குந்திக்கினு இருக்கறாரு அக்கா."

"நேத்து நாலு இட்லி கேட்டாரு. ரெண்டுதான் வெச்சேன். இன்னா சொல்றாருன்னு பாக்கத்தான் வெச்சேன். பேசாம துன்னுட்டுப் போறாரு." முந்தானையிலிருந்து மடித்த நீலத்தாள் ஒன்றை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். புது இன்லேண்டு. "எழுதச் சொல்லு."

"அக்கா, மறுபடி கிருஷ்ணாயிலு போயிடுச்சுன்னா?"

"போனா போவட்டும். சவுக்குக் கட்டை ஒரு வண்டி சொல்லி வெச்சிருக்கறேன். வூட்டுக்காரரு கத்துவாரு. நானும் கத்துவேன். அந்தப் பஞ்சாபிப் புள்ளைக்காவ எழுதறாரு, எழுதட்டும்."

டெல்லியில் அந்தக் கடிதங்களை யாரும் பிரிப்பதே இல்லை அக்கா என்று சொல்ல வாய்வரை வந்தது. தபாலாபீசுக்குப் போய் இன்னும் பதினோரு இன்லேண்டு வாங்கி, அவளுடையதையும் சேர்த்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாதம் ஒன்றாக, ஒரு வருஷத்துக்கு வரும்.