வெள்ளிக்கிரகத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்கள்

எழுத ஆசைப்பட்டுத் தங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நான் அவர்களைவிடக் கெட்டிக்காரன். என் பெயர் பத்திரமாக இருந்தது. தங்கையின் பெயரைத்தான் கெடுத்தேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. கோச்சடையிலிருந்து சைக்கிள் மிதித்து, டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மட்டும் நான் பெரிய விஞ்ஞானி. (பத்தாம் வகுப்பில் சயின்ஸில் வாங்கிய மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.)

அப்போது 'மர்மச் சுரங்கம்' என்று ஒரு மாதப் பத்திரிகை வந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்துக்காரர், மெஷின் சும்மா கிடக்கிறதே என்று நடத்தியது. முகூர்த்த மாதங்களில் இதழ் வராது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில்தான் கொலைகள் நடக்கும்.

அவரிடம் ஒரு விஞ்ஞான மர்மக் கதை கொடுத்தேன். கீழக்குயில்குடி மலையிலிருக்கும் சமணர் படுக்கைகள் உண்மையில் வெள்ளிக்கிரகத்தார் வந்து படுத்த இடம். அங்கே ஒருவன் செத்துக் கிடக்கிறான். அச்சகத்துக்காரர் படித்துவிட்டு, "தம்பி, உனக்கு இது வராது. கடையைப் பாரு" என்றார்.

மூன்று மாதம் கழித்து அதே கதையை ஒரு வரி மாற்றாமல் நகலெடுத்து, என் தங்கை மங்கையர்க்கரசி எழுதியது என்று கொடுத்தேன். நின்றபடியே படித்து முடித்தார்.

"உந்தங்கச்சிக்கு என்னா மூளைப்பா. ஒரே வயித்துல பொறந்தும் உனக்கு வரலையே."

அடுத்த இதழில் கதை வந்தது. தொடர்ந்து ஆறு கதைகள். அரசிக்கு நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பத்திரிகைத் தாள் என்றால் வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்க மட்டுமே என்பதால் பயமும் இல்லை.

அச்சக விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், பெயர் சுந்தரபாண்டி. 'வெள்ளிக்கிரகத்துச் சூட்டில் ஈயமே உருகிவிடும், நீங்கள் மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு பெண் இப்படி யோசிப்பது பெருமையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வாய்த்த ஒரே வாசகர் அவர். தங்கை பெயரிலேயே பதில் போட்டேன். அவர் போட்டார், நான் போட்டேன். ஆறு மாதம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூவும் பழமுமாக மூன்று பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சுந்தரபாண்டியும் அவருடைய அப்பா அம்மாவும். அச்சகத்துக்காரர் எங்கள் விலாசம் மட்டுமல்ல, குலதெய்வம் வரைக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எங்க பிள்ளைய எங்கன பார்த்தீக?" என்று அப்பா கேட்டார்.

"பார்க்கல. ஆறு மாசமா ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்கிறாகல்ல" என்று பையனின் அப்பா வெள்ளந்தியாகச் சொல்லி, மஞ்சப்பையிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்தார். மேலே இருந்ததைப் பிரித்து, கோயில் நோட்டீஸ் படிப்பதுபோல உரக்கப் படித்தார். "'நீங்கள் ஒருவர்தான் என்னைப் புரிந்துகொண்டவர். வெள்ளிக்கிரகத்தில் நாம் இருவர் மட்டும் இருந்தால் எவ்வளவோ பேசலாம்.'"

(நான் சொன்னது விஞ்ஞானத்தை. சத்தியமாக.)

அப்பா எழுந்து அடுப்படிக்குப் போனார். "எம்புட்டு நாளா நடக்குது இது?" என்ற குரல் கேட்டது. "எதுப்பா?" என்று அரசி கேட்டு முடிப்பதற்குள் ஓர் அறை விழுந்தது. நான் கதவோரம் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை சிரிப்பு வராத இடம் அதுதான்.

அரசி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தாள். பையனின் அப்பா கையிலிருந்த கடிதத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு பென்சிலையும் காலண்டர் தாளையும் என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, வெள்ளிக்கிரகம்னு எழுது."

கையெழுத்தை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிற கதை இரண்டு எழுதியவன் நான். எழுத்தை மாற்றிப் போட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. சுந்தரபாண்டி இரண்டு தாளையும் பரீட்சைப் பேப்பர்போலப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஆறு மாதம் கனவு கண்ட மங்கை, நான்கு நாள் தாடியோடு எதிரே நின்றாள்.

அவருடைய அம்மா சமாளிக்கப் பார்த்தார். "எழுதுனது யாரா இருந்தா என்ன, பிள்ள லட்சணமாத்தான இருக்கு."

"இவுகளுக்குப் பிடிச்சது எங்கண்ணனத்தான். அதையே கூட்டிட்டுப் போங்க" என்றாள் அரசி.

அவர்கள் போன பிறகு அப்பா எனக்குத் தந்ததை விவரிக்கப் போவதில்லை; தகுதிக்குக் குறைவாகத் தரவில்லை. ஆனால் அதோடு விட்டதா? 'அந்தப் பிள்ளை வாத்தியாருக்குக் கடுதாசி போட்டுச்சாம்' என்கிற பாதி ஊரெல்லாம் போனது. மறுபாதியைக் கேட்க ஆளில்லை. அரசிக்கு வந்த இரண்டு சம்பந்தம் அப்படியே நின்றுபோனது. அந்த வீடுகளுக்கு நானே போய், எழுதியது நான்தான் என்று சொன்னேன். "தங்கச்சிக்காகப் பழியைத் தூக்கிச் சுமக்கிறியே, நல்ல அண்ணன்ப்பா" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிரகத்தார் கீழக்குயில்குடியில் படுத்ததை நம்பிய ஊர், இதை நம்பவில்லை.

மூன்றாவது சம்பந்தமும் ஆட்டம் கண்டபோது, வெட்கத்தை விட்டுப் பசுமலைக்கே போய் சுந்தரபாண்டியிடம் அழுதேன். மனுஷன் உடனே சட்டையை மாட்டினார். கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அந்த மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டி, "நான் ஆறு மாசம் உருகி உருகிக் கடுதாசி போட்டது இந்தா நிக்கிற ஆளுக்குத்தான்" என்றார். எந்த ஆம்பளையும் இப்படி ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்ள மாட்டான் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். சிரித்து முடிக்கவே அரைமணி நேரம் ஆனது. அடுத்த தையில் அரசிக்குக் கல்யாணம்.

சுந்தரபாண்டி ஹெட்மாஸ்டராகி, ரிட்டயரும் ஆகிவிட்டார். எங்கள் வீட்டு விசேஷம் எதையும் தவறவிட மாட்டார். வந்தவுடன் என் மனைவி அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பாள்.

"இவருதான் எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல பார்த்த மாப்ள."