தப்பு செய்தவருக்கு அலமாரி

ஆளை வேலை வாங்குவதில் எங்கள் மேனேஜரை மிஞ்ச உலகத்தில் யாரும் கிடையாது. உண்மையில் அவர் திருமுல்லைவாயிலில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். ஒற்றை அறை, ஐந்து அலமாரி, உதவியாளன் நான், பெருக்குகிற குப்பம்மா. இந்தச் சாம்ராஜ்யத்துக்குத் திங்கள்தோறும் ஸ்டாஃப் மீட்டிங் போடுவார். அதனால் எண்பதுகளில் ஊரே அவரை மேனேஜர் என்றுதான் அழைத்தது. மீட்டிங்கில் யாரும் சிரிக்கக் கூடாது.

யார் தப்பு செய்கிறாரோ அவருக்கே பொறுப்பு. அவருடைய நிர்வாகம் அவ்வளவுதான். வார இதழில் சமையல் குறிப்பைக் கிழித்த, அரசு குவார்ட்டர்ஸில் குடியிருந்த அம்மாள் இதழ்களுக்குப் பொறுப்பாளர். பெஞ்சில் குறட்டை விட்ட விவசாயி அமைதிக்குப் பொறுப்பாளர். தினமும் தாமதமாக வந்த எனக்குக் கதவுச் சாவி. நாவலை வேட்டியில் செருகிக்கொண்டு போய்ப் பிடிபட்ட லாரி டிரைவர் ஏழுமலைக்கு நாவல் அலமாரியே சாவியோடு கிடைத்தது.

குப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் இது, திருடன் கைலயே சாவிய குடுத்துட்ட?"

"சாவி அவன் கைல இருந்தா, அப்புறம் யார்கிட்டம்மா திருடுவான்?" என்றார் மேனேஜர், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஓர் ஐப்பசி மழையில் அவர் டைபாய்டில் படுத்துவிட்டார். சாவி என்னிடம் இருந்ததால் காலையிலேயே போய்த் திறந்தேன். உள்ளே முழங்கால் தண்ணீர். கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஏழுமலை லாரி தார்ப்பாயோடு வந்து சேர்ந்தார்.

"என் அலமாரி இன்னா ஆச்சு சார்?"

பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். புத்தகங்கள் தலைச்சுமையாக அவரவர் வீட்டுக்குப் போயின. பதிவேட்டில் ஒரு வரி எழுதவில்லை. தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். ஓய்வு பெற அவருக்கு ஆறே மாதம். பருத்திப்பட்டில் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்று அழுதேவிட்டேன்.

"புக்கெல்லாம் யார்கிட்ட இருக்கு?"

"பொறுப்பாளருங்ககிட்ட சார்."

"அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கமில்லை.

தண்ணீர் வடிந்து, அவரும் தேறி வந்த பிறகு எல்லாரையும் கூட்டிச் சரிபார்த்தோம். ஒன்றுகூடக் குறையவில்லை. நாவல் அலமாரியில் மட்டும் ஏழு அதிகம் இருந்தது.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் பழசு சார். நான் பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்துகினு போனது."

அன்றைக்குத்தான் மேனேஜர் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தோம்.

அவருக்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். யாரும் என்னை அப்படி நம்பியதில்லை. அவர் காலமாகி, கடைசியாக வழியனுப்பப் பருத்திப்பட்டுக்குப் போன அன்று, எல்லாருக்கும் முந்திப் போய் நின்றவன் நான்தான்.