எங்க மிஸ் அப்படித்தான்

மணி ஒன்பதே முக்கால்தான் ஆகியிருந்தது. அதற்குள் இருபத்தாறு ஜோடிக் கறுப்பு ஷூக்கள் வகுப்பின் நடுவே ஒரே குவியலாகிவிட்டன. எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே அளவு.

"யாரு இப்படிக் கழட்டிப் போடச் சொன்னது?" என்றாள் மாற்று டீச்சர்.

"நீங்கதான் மிஸ்!" என்றது மொத்த வகுப்பும்.

உண்மைதான். முதல் பாடம் கணக்கு என்று அவள் வாயைத் திறந்ததுமே முன் பெஞ்சு ரெட்டைச் சடைச் சிறுமி எழுந்து, "எங்க மிஸ் ஷூவை வச்சுத்தான் கணக்கு சொல்லித் தருவாங்க," என்றிருந்தாள். செய்து பார்த்துக் கற்பது என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தது ஞாபகம் வர, டீச்சரும் தலையாட்டிவிட்டாள். கூட்டல் அருமையாக வந்தது. கழித்தல்தான் வரவில்லை. குவியலிலிருந்து எந்த ஷூவும் சொந்தக் காலுக்குத் திரும்ப மறுத்தது.

எதைக் கேட்டாலும் ஒரு சட்டம் கைவசம் வைத்திருந்த அந்தச் சிறுமிக்கு டீச்சர் மனதுக்குள் 'வக்கீல்' என்று பெயர் வைத்தாள்.

தலைமை ஆசிரியை காலையில் நின்றுகொண்டே சொல்லியிருந்தார்: "முதல் வகுப்பு, மாடியில கடைசி ரூம். கடைசி பீரியட்ல வந்து பாப்பேன். திருப்தியா இருந்தா வேலை நிரந்தரம்." இந்த வருஷத்தில் இது அவளுக்கு நாலாவது பள்ளிக்கூடம். "இதுவும் சரிப்படலேன்னா பேசாம மாமா கடைக்கு வந்து ஆணி எண்ணு," என்று அக்கா தீர்ப்பே எழுதிவிட்டாள். மாமாவுக்கு இரும்புக் கடை. ஆணி பேசாது, அழாது, ஒன்றையொன்று கிள்ளாது. ஆனால் அவளுக்கு என்னவோ பேசி, அழுது, கிள்ளுகிற கூட்டத்தைத்தான் பிடித்திருந்தது.

"அளவு பாத்து எடுத்துக்கலாம். சின்னக் கால் முதல்ல, பெரிய கால் கடைசியில. வரிசையா நில்லுங்க!"

தான் சின்னக் கால் என்று ஒப்புக்கொள்ள அந்த வகுப்பில் ஒரு காலும் தயாராக இல்லை.

"என் கால்தான் பெருசு!"

"போடா, எங்கப்பா கால் உன் காலைவிடப் பெருசு!"

இதற்குப் பதில் ஒரு மிதி. மிதிக்குப் பதில் ஒரு கடி.

"மிஸ், சண்டை வந்தா எங்க மிஸ் எல்லாரையும் தண்ணி குடிக்கச் சொல்வாங்க," என்றாள் வக்கீல்.

குடித்தார்கள். பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். கால் மணி நேரம் அற்புதமான அமைதி. பிறகு ஒரு கை உயர்ந்தது. "மிஸ், பாத்ரூம்." அடுத்த நிமிஷம் இருபத்தாறு கைகளும் மேலே.

பாத்ரூம் கீழ்த்தளத்தில், தலைமை ஆசிரியையின் அறைக்கு நேர் எதிரே இருந்தது. வெறுங்காலோடு போன படை ஈரக்காலோடு திரும்பியது. அவர் வாசலிலிருந்து மாடிக் கடைசி வரை குட்டிக் குட்டிப் பாதங்கள். டீச்சர் அவசரத்துக்குக் கரும்பலகை துடைக்கிற டஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதிலிருந்த சாக்பீஸ் தூள் ஈரத்தோடு குழைந்து, மங்கலாக இருந்த தடத்தையெல்லாம் வெள்ளையடித்துக் கொடுத்தது.

மத்தியானம் பிள்ளைகளை ஆயாம்மாவிடம் சாப்பிட விட்டுவிட்டு, பையோடு வாசல் கேட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என்னால முடியலக்கா. இதுங்களோட மிஸ் தெய்வப்பிறவி. ஷூவுல கணக்கு, தண்ணியில சமாதானம்... நான் எங்க, அவங்க எங்க!"

"சரி, கிளம்பி வா. மாமா உனக்குன்னு ஸ்டூல் போட்டே வச்சிருக்கார்."

ஒரு காலை கேட்டுக்கு வெளியே வைத்தபோது யாரோ பையைப் பிடித்து இழுத்தார்கள். வக்கீல். ஒரு காலில் யாருடைய ஷூவோ. இன்னொரு காலில் எதுவும் இல்லை.

"எங்க மிஸ் மத்தியானத்துல வீட்டுக்குப் போக மாட்டாங்க."

காலையில் அந்தக் குரலில் இருந்த அதிகாரம் இப்போது இல்லை.

"போக மாட்டாங்களா?"

"ம்ஹூம். பெல் அடிக்கிற வரைக்கும் இருப்பாங்க."

முகம் தெரியாத அந்த மிஸ் மீது டீச்சருக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு ஏக்கமாகத் தன்னை யாரும் எங்கேயும் தேடியதில்லை. "ஸ்டூல்ல வேற யாரையாவது உக்கார வைக்கச் சொல்லு," என்று போனை வைத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

கடைசி பீரியட் கதை நேரம்.

"எங்க மிஸ் கதை சொன்னா நாங்க பெஞ்சுக்கு அடியில உக்காந்துதான் கேப்போம். மிஸ் மேஜைக்கு அடியில," என்றாள் வக்கீல்.

நனைந்தாகிவிட்டது, இனி முக்காடு எதற்கு என்று டீச்சரும் மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள். ஷூ கடிக்கிறது என்று அழுத ஒரு யானையின் கதையை இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டே போனாள். யானை களைத்துப்போய்த் தூங்கிய கட்டத்தில் வகுப்பில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கதவு திறந்தது. மேஜைக்கடியிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒரு ஜோடிச் செருப்பு. ஓரமெல்லாம் சாக்பீஸ் வெள்ளை.

"டீச்சர் எங்க?"

"இங்க மேடம்!" என்று எழுந்தவளின் தலை மேஜையில் மடேரென்று மோதியது.

"ஷ்ஷ்! யானை தூங்குது!" என்று தலைமை ஆசிரியையை அதட்டின இருபத்தாறு குரல்கள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெல் அடிச்சதும் ரூமுக்கு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெல் அடித்தது. கிடைத்த ஷூவை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நொண்டியும் தாண்டியும் வீட்டுக்குப் போனார்கள். தலையைத் தேய்த்தபடி டீச்சர் உட்கார்ந்திருந்தாள். தரை கூட்ட ஆயாம்மா வந்தாள்.

"ஆயாம்மா, நாளைக்கு இவங்க மிஸ் வந்தா ஒரு நாள்ல வகுப்பைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க."

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த மிஸ்ஸு? இந்தக் கிளாஸுக்கு இன்னும் மிஸ்ஸே போடலைம்மா. ஸ்கூல் தொறந்ததுலேருந்து வந்த பதினோரு பேரும் மத்தியானத்தோட ஓடிட்டாங்க, பெல் அடிக்கிற வரைக்கும் இருந்தது நீங்க ஒருத்தர்தான்னு பெரிய மேடம் அங்க உங்க ஆர்டரை டைப் அடிச்சிட்டிருக்காங்க!"